பன்றியின் நோயும் மறைவும்: குடும்பமும் பஞ்சாயத்தும் அறிய வேண்டியவை

பசு இறந்தால் ஊரார் கூடி வந்து விசாரிக்கின்றனர். ஆடு இறந்தால் அண்டை வீட்டாராவது ஓர் ஆறுதல் சொல்கின்றனர். பன்றி இறந்தாலோ, “பன்றிக்காகவா இப்படி முகம் வாடியிருக்கிறாய்?” என்று நகைப்பவரே மிகுதி. இந்த நகைப்பு ஒரு குடும்பத்தின் மனத்தைப் புண்படுத்துவதோடு நின்றுவிடுவதில்லை; ஊருக்கே கேடு விளைவிக்கிறது. அது எவ்வாறு என்பதையும், நோயுற்ற பன்றியை எவ்வாறு பேணுவது, இறந்ததை எவ்வாறு அடக்கம் செய்வது, இழப்பிலிருந்து எவ்வாறு மீள்வது என்பனவற்றையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பன்றியும் குடும்பமும்

சேலம், நாமக்கல் சமவெளி என்றவுடன் கோழிப் பண்ணைகளும், கறவை மாடுகளும், மேச்சேரி ஆடுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் கொட்டிலில் இரண்டு மூன்று பன்றிகளை வைத்துப் பிழைக்கும் எளிய குடும்பங்களும் இங்கு உள்ளன. ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும் மரவள்ளித் திப்பி, அரிசித் தவிடு, ஓட்டல்களில் மீதமாகும் சோறு ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் பன்றிகளை வளர்க்கின்றனர்.

தாய்ப்பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாட்கள். அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். அத்தனை நாளும் காத்திருந்து, ஈனும் இரவில் விளக்குடன் விழித்திருந்து, நலிந்த குட்டிக்குப் பால் புகட்டிக் காப்பாற்றியவர்களுக்கு அது வெறும் இறைச்சி அன்று. பெயர் சொல்லி அழைத்தால் ஓடி வரும் அறிவுள்ள பிராணி அது. பிள்ளைகளின் பள்ளிச் செலவும், சுய உதவிக் குழுவின் தவணையும் அதை நம்பியே இருக்கின்றன. எனவே அதன் இறப்பால் குடும்பத்திற்கு நேரும் துயரம் இரு மடங்கு.

நோயின் அறிகுறிகள்

நலமாயுள்ள பன்றி தீவனத் தொட்டிக்கு முந்திக்கொண்டு வரும். தீனியை மறுத்து மூலையில் ஒடுங்கிக் கிடந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. கடுங்காய்ச்சல், காது, மூக்கு, வயிற்றுப் பகுதிகளில் செந்நிறம் அல்லது நீலநிறம், வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், தள்ளாடும் நடை, கருச்சிதைவு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காலம் தாழ்த்தலாகாது.

செந்நிறம் கண்டவுடன் எல்லாம் முடிந்தது என்று மனமுடையவும் வேண்டாம். உடலில் சாய்சதுரமான சிவந்த தடிப்புகளை உண்டாக்கும் ‘எரிசிபெலாஸ்’ என்ற நோய், தக்க காலத்தில் பென்சிலின் ஊசி போட்டால் குணமாகக்கூடியது. பன்றிக் காய்ச்சல் என்று வழங்கும் மற்றொரு கொடிய நோயை முன்கூட்டியே தடுப்பூசியால் தடுக்கலாம். கோடையில் வெப்பத் தாக்குதலாலும் பன்றிகள் சாய்வதுண்டு. வியர்வையால் உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. நிழலும் நீரும் உடனே கிடைத்தால் இவ்வாறு சாய்ந்த பன்றி பிழைக்கலாம்.

ஆனால் இவற்றைப் போலவே தோன்றும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு மருந்து இல்லை; நம் நாட்டில் பொதுப் பயன்பாட்டில் தடுப்பூசியும் இல்லை. 1921இல் கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பெற்ற இந்நோய், 2018இல் சீனத்தை அடைந்து, 2020இல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் வெளிப்பட்டது. நம் மாநிலத்தில் முதுமலைக் காட்டுப் பன்றிகள் இந்நோயால் மாண்டன என்பது 2023 ஜனவரியில் உறுதியாயிற்று. கடும் வகையாக வந்தால், தாக்கப்பட்ட பன்றிகளில் ஏறத்தாழ எல்லாமே சில நாட்களில் மடியும். மனிதருக்கு இது தொற்றாது. ஆயினும் மனிதரின் செருப்பு, வாளி, வண்டிச் சக்கரம் ஆகியவற்றில் ஏறிக்கொண்டு அடுத்த கொட்டிலுக்குச் செல்லும். உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சியிலும் அக்கிருமி மாதக்கணக்கில் உயிர் வாழும்.

இந்நோய்களுள் எது வந்துள்ளது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில் மாதிரிகளைச் சோதித்தே ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதி செய்யப்படுகிறது. ஆகையால் முதல் நாளே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பது இன்றியமையாதது. 1962 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் கால்நடை மருத்துவ உதவி கோரலாம்.

பேணும் முறை

மருத்துவர் வரும் வரையில் நோயுற்ற பன்றியைத் தனியே நிழலில் கட்டி, தூய நீரும் ஆறிய கஞ்சியும் வைக்கலாம். அதற்கெனத் தனி வாளியும் தனிச் செருப்பும் வேண்டும். நலமான பன்றிகளைக் கவனித்த பின்னரே நோயுற்றதன் அருகில் செல்லுதல் முறை. மனிதருக்குரிய மாத்திரைகளைத் தாமாகக் கொடுத்தல் கூடாது. பிழைக்க வழியில்லை என்று மருத்துவர் கூறுவாராயின், வேதனையின்றி அதன் உயிரை முடிக்க இசைவதும் அன்பின் செயலேயாகும். வளர்த்தவர் அதற்காகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

மறைப்பதால் வரும் கேடு

முதலில் நாம் குறிப்பிட்ட நகைப்புக்கு இப்போது வருவோம். பன்றி வளர்ப்போரை ஊர் இழிவாக நினைக்கும்போது, அவர் தம் கொட்டிலில் நோய் கண்டதை வெளியில் சொல்ல அஞ்சுகிறார். சொன்னால் ஏச்சு வரும் என்று எண்ணி, நோயுற்றதை அவசர விலைக்கு விற்கிறார். அல்லது இறந்ததை இரவோடிரவாக ஓடையில் எறிகிறார். திருமணிமுத்தாற்றிலோ சரபங்காவிலோ எறியப்படும் ஓர் உடல், கீழே உள்ள பல ஊர்களுக்கு நோயைக் கொண்டு செல்லக்கூடும். அனுதாபம் காட்டும் ஊரில் உண்மை விரைவில் வெளிவரும். ஏளனம் செய்யும் ஊரிலோ நோய்தான் முதலில் வெளிவரும்.

2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், தொற்றுநோய் இருப்பதாகக் கருதும் உரிமையாளர் அதனைக் கிராம அலுவலருக்கோ கிராமப் பஞ்சாயத்துப் பொறுப்பாளருக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆகவே, நோய்ச் செய்தி முதலில் வந்து சேரும் வாசல்களுள் பஞ்சாயத்தும் ஒன்று. அங்கு வருபவரைக் கடிந்து அனுப்பாமல் அமரச் செய்து கேட்டு, மருத்துவருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது பஞ்சாயத்தாரின் கடமை. நோய்த் தடுப்புக்காக அரசு ஆணையின்படி கொல்லப்படும் பன்றிகளுக்கு இழப்பீடு வழங்கும் ஏற்பாடு உண்டு. தெரிவிக்காமல் மறைத்து, எல்லாம் இறந்த பின்னர் கேட்பவருக்கு இப்பயன் கிட்டுதல் அரிது. எனவே மறைத்தவரே மிகுதியும் இழக்கிறார்.

அடக்கம் செய்தல்

எக்காரணத்தால் இறந்த பன்றியாயினும் அதன் இறைச்சியை உண்ணவோ, பங்கிடவோ, விற்கவோ கூடாது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட பன்றிக்கும் இவ்விதி பொருந்தும். கிணற்றுக்கும் நீரோடைக்கும் தொலைவில், நாயும் நரியும் தோண்ட இயலாத ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, மண்ணிட்டு மூட வேண்டும். தீவன மிச்சத்தையும் படுக்கை வைக்கோலையும் அக்குழியிலேயே இடலாம். கொட்டிலைக் கழுவி, மருத்துவர் கூறும் கிருமிநாசினியைத் தெளித்து, அவர் அனுமதிக்கும் வரை காலியாக விட்டுவைக்க வேண்டும். இறந்த பன்றியின் உரிமையாளர் தனியே இக்குழியை வெட்டும் நிலைக்குப் பஞ்சாயத்து அவரை விடலாகாது. இடம் காட்டுவதும் ஆள் உதவுவதும் பொதுப்பணியே.

துயரிலிருந்து மீளுதல்

கொட்டில் காலியான வீட்டில், மாலையில் தீனிக்குக் குரல் கேட்காத வெறுமையே முதலில் வருத்தும். வருந்துவது பலவீனம் அன்று. குழந்தைகளிடம், “விற்றுவிட்டோம்” என்று பொய் சொல்லாமல், நோயால் இறந்தது என்ற உண்மையை எளிய சொற்களில் கூறுவதே நல்லது. அவர்கள் உடலைத் தொடாமல், எட்ட நின்று விடை கொடுக்கட்டும்.

“நான் ஊற்றிய எச்சில் சோற்றாலன்றோ வந்தது” என்று தம்மையே நொந்து கொள்பவர் பலர். கண்டம் விட்டுக் கண்டம் தாண்டி வந்த நோய் எவ்வழியில் புகுந்தது என்பதை ஒரு தனி மனிதர் முன்னறிந்திருத்தல் இயலாது. எனினும் அந்த நோவு வீணாக வேண்டியதில்லை. ஓட்டல் மிச்சத்தில் இறைச்சி கலந்திருக்கக்கூடும். அதனைத் தவிர்ப்பதே நன்று. தவிர்க்க இயலாதவர் அரை மணி நேரமேனும் கிளறிக் கொதிக்க வைத்து ஆற்றிய பின்னரே ஊற்ற வேண்டும் என்பதை அவர் தம் வாயால் மற்றவருக்குச் சொன்னால், அதைவிட வலிமையான பாடம் வேறில்லை.

அண்டை வீட்டாருக்கும் ஒரு சொல். கொட்டிலுக்குள் செல்லாதீர்கள், ஆனால் வீட்டுக்குச் செல்லுங்கள். ஒரு வேளை உணவு கொண்டு சென்று, சற்று நேரம் உடனிருங்கள். சுய உதவிக் குழுவினர் தவணைக்குச் சில மாத அவகாசம் தர ஆலோசிக்கலாம். மீண்டும் வளர்க்க விரும்புபவர் அவசரப்படாமல், மருத்துவரின் அனுமதி பெற்று, நம்பகமான பண்ணையிலிருந்து ஓரிரு குட்டிகளை மட்டும் முதலில் வாங்கி விட்டுப் பார்க்கட்டும். நாமக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகி இது குறித்து அறிவுரை பெறலாம்.

வாயில்லா ஜீவன் தன் நோயைச் சொல்லாது. அதனைப் பேணுபவரே சொல்ல வேண்டும். அவர் அச்சமின்றிச் சொல்லும்படியான ஊராக நம் ஊரை ஆக்குவது நம் அனைவரின் கடமையாகும்.