ஷிகோகு 88 கோயில் யாத்திரையை நிறைவு செய்தல்

ஜப்பானின் ஷிகோகு தீவைச் சுற்றிவரும் 88 கோயில் யாத்திரை சுமார் 1,200 கிலோமீட்டர் நீளமுடையது. ஷிங்கோன் பௌத்தத்தை நிறுவிய கூக்காய் (774–835), கோபோ தாய்ஷி என்ற பெயரில் இதன் மையமாகப் போற்றப்படுகிறார். வரிசைப்படி செல்வோருக்கு யாத்திரை ககாவா மாகாணத்தின் ஓகுபோஜி கோயிலில் முடிகிறது.

கடைசி நாள் நடை

87ஆம் கோயிலான நாகாவோஜியிலிருந்து காலையிலேயே புறப்படுவது நல்லது. வழியில் மாயேயாமா என்னும் இடத்தில் யாத்திரிகர் நிலையம் உள்ளது. முழுப் பாதையையும் நடந்தவர்களுக்கு அங்கே சான்றிதழ் வழங்கப்படுகிறது. அதன்பின் பாதை பிரிகிறது. நியோதாய் மலைவழியில், உச்சியை ஒட்டிய பாறைகளைக் கையால் பற்றி ஏற வேண்டும். மழை நாளில் தாழ்வான சாலைவழியே பாதுகாப்பானது.

ஓகுபோஜியில்

மூலக்கோயிலிலும் தாய்ஷி சன்னதியிலும் வழிபட்ட பிறகே முத்திரை ஏட்டில் கையெழுத்தும் முத்திரையும் பெற வேண்டும். அலுவலக நேரம் காலை 8 முதல் மாலை 5 வரை. கட்டணம் 500 யென். நிறைவுச் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஊன்றுகோல் தாய்ஷியின் வடிவமாகக் கருதப்படுவதால் பலர் அதை இங்கேயே காணிக்கையாக்குகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுசெல்லவும் தடையில்லை. சிலர் வட்டத்தை முழுமையாக்க, முதல் கோயிலான ரியோசென்ஜிக்குத் திரும்புவர். இது கட்டாயமில்லை.

கோயாசானில் நன்றி வழிபாடு

யாத்திரை நிறைவை தாய்ஷியிடம் தெரிவிக்க, வகயாமா மாகாணத்தின் கோயாசான் மலைக்குச் செல்வது மரபு. தொகுஷிமாவிலிருந்து வகயாமாவுக்குப் படகில் சுமார் இரண்டு மணி நேரம். பிறகு ஹாஷிமோட்டோ வழியாக ரயிலில் கோகுராகுபாஷி சென்று, கேபிள் காரில் மலையேறலாம். மேல் நிலையத்திலிருந்து ஊருக்குள் செல்லும் சாலையில் நடக்க அனுமதியில்லை. பேருந்தில்தான் போக வேண்டும்.

தாய்ஷி இன்றும் தியானத்தில் இருப்பதாக நம்பப்படும் ஓகுனோயின் சமாதிக்கு, இச்சினோஹாஷி பாலத்திலிருந்து உயர்ந்த தேவதாரு மரங்களுக்கும் கல்லறைகளுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். கோபியோபாஷி பாலத்துக்கு அப்பால் படம் எடுக்கக்கூடாது. முத்திரை ஏட்டில் ஓகுனோயினுக்கென்று உள்ள பக்கத்தில் முத்திரை பெறுவதுடன் சடங்குகள் முடிகின்றன. கோயாசானில் உள்ள கோயில் விடுதிகளில் தங்க முன்பதிவு அவசியம். கோடை தவிர்த்த மாதங்களில் கம்பளி உடை தேவைப்படும்.