கிரிட் கணிப்பொறிகளுக்குத் தேவையை எழுதும் முறை

திருவனந்தபுரத்திலுள்ள ஓர் ஆராய்ச்சியாளர், தம் ஊரை விட்டு அகலாமலே, பெங்களூரிலோ புனேயிலோ உள்ள கணிப்பொறியைக் கொண்டு தம் கணக்கைச் செய்து முடிக்க வழிவகுத்தது 'கருடா' என்னும் தேசியக் கிரிட் திட்டம். சி-டாக் நிறுவனம் நடத்திய இத்திட்டத்தின் முதற்கட்டம் 2008-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அக்கட்டத்தில் 17 நகரங்களைச் சேர்ந்த 45 ஸ்தாபனங்கள் இணைக்கப்பட்டன. திருவனந்தபுரமும் அந்நகரங்களுள் ஒன்று.

கிரிட் என்னும் பெயர் மின்சாரத் துறையிலிருந்து வந்ததாகும். விளக்கை ஏற்றுகிறவர், அம்மின்சாரம் இடுக்கியிலிருந்து வருகிறதா, பள்ளிவாசலிலிருந்து வருகிறதா என்று கேட்பதில்லை. ஆயினும் இவ்வுவமையை ஓரளவுக்கு மேல் நீட்டலாகாது. மின்சாரம் எங்கும் ஒரே தன்மையது; கணிப்பொறிகளோ அவ்வாறல்ல. கருடாவில் பயன்பட்ட 'பரம் பத்மா' ஏ.ஐ.எக்ஸ். என்னும் இயக்க முறையில் இயங்கியது. வேறு பல பொறிகள் லினக்ஸ் முறையில் இயங்கின. ஒன்றுக்கென ஆயத்தம் செய்யப்பட்ட நிரல் மற்றொன்றில் ஓடாது. ஆகவே, வேலையை அனுப்புகிறவர் தமக்கு வேண்டிய பொறி எத்தகையது என்பதை முன்கூட்டியே எழுதித் தருதல் இன்றியமையாததாகிறது. பண்டகசாலைக்கு இண்டெண்ட் எழுதும் வெளிக்கள ஊழியர்க்கு இது புதிதன்று. வேறுபாடு யாதெனில், இங்கே இண்டெண்டைப் படிப்பவர் மனிதர் அல்லர். எழுதியதற்குமேல் எதையும் ஊகித்தறிய அதனால் இயலாது.

இத்தகைய விவரக் குறிப்பை எழுதுவதற்கு ஜே.எஸ்.டி.எல். என்னும் பொது மொழியை, குளோபல் கிரிட் ஃபோரம் என்னும் சர்வதேச அமைப்பு 2005 நவம்பரில் வெளியிட்டது. இயக்க முறை, செயலியின் வகை, வேகம், நினைவகம், வட்டில் இடம் முதலியவற்றிற்கு அதில் தனித்தனி உறுப்புகள் உண்டு. எழுதப்பட்ட நிபந்தனைகள் அனைத்தும் ஒருங்கே நிறைவேற வேண்டும். எழுதாது விட்டவற்றைக் கிரிட் தன் விருப்பப்படி தீர்மானித்துக்கொள்ளும்.

பிழைகள் பெரும்பாலும் அலகில் தோன்றுகின்றன. இம்மொழியில் நினைவகத்தின் அளவு பைட்டிலும், வேகம் ஹெர்ட்ஸிலும், நேரம் விநாடியிலும் கூறப்படும். 4 ஜிகாபைட் வேண்டுவோர் 4 என்று எழுதினால், அது நான்கே பைட்டு எனப் பொருள்படும். அந்நிபந்தனைக்கு எப்பொறியும் பொருந்துமாதலால் வேலை மிகச் சிறிய பொறிக்கும் சென்றுவிடக்கூடும். அங்கே சில மணி நேரம் ஓடியபின் நினைவகம் போதாமல் நின்றுவிடும். எழுதவேண்டிய எண் 4294967296 ஆகும்.

அவ்வெண்ணையும் எவ்வாறு எழுதுவது என்பது அடுத்த வினா. 'சரியாக இவ்வளவு', 'இதற்குக் குறையாமல்', 'இதற்கு மிகாமல்', 'இன்ன அளவிலிருந்து இன்ன அளவு வரை' என நால்வகையாகவும் கூறலாம். புதியவர்கள் 'சரியாக' என்பதையே விரும்புவர். அது கச்சிதமாகத் தோன்றுவதே காரணம். 4 ஜிகாபைட் பொருத்திய பொறியிலும் இயக்க முறை ஒரு பகுதியை ஒதுக்கிக்கொள்வதால், பொறி தெரிவிக்கும் அளவு சற்றுக் குறைவாகவே இருக்கும். எனவே எப்பொறியும் பொருந்தாமல் வேலை வரிசையிலேயே நின்றுவிடும். நிரலுக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பதைச் சிறு சோதனையால் அறிந்து, 'இதற்குக் குறையாமல்' என எழுதுவதே தக்கது.

தனி அளவு, மொத்த அளவு என்னும் பாகுபாடும் கவனிக்கத்தக்கது. தனி அளவு ஒவ்வொரு பொறிக்கும் உரியது; ஒவ்வொரு செயலிக்கும் உரியதன்று. மொத்தம் 16 ஜிகாபைட் என்று மட்டும் எழுதினால் ஒரே பொறியும் கிடைக்கலாம், நான்கு ஜிகாபைட் கொண்ட நான்கு பொறிகளும் கிடைக்கலாம். நினைவகம் முழுவதையும் ஒரே இடத்தில் வேண்டும் நிரலுக்கு இரண்டாவது ஏற்பாடு பயன்படாது.

அஞ்சி மிகையாகக் கேட்போரும் உளர். கருடாவின் பணிகளுள் ரேடார் படங்களிலிருந்து வெள்ளப் பரப்பைக் கணித்தலும் ஒன்று. நீர் வடிந்தபின் கிடைக்கும் படத்தால் மீட்புப் பணியாளருக்கு யாது பயன்? தேவைக்கு இருமடங்கு கேட்பவர், அத்தகைய பெரும் பொறி ஓய்வாகும் வரை தாமும் காத்திருப்பார். அது கிடைத்தபின் பிறரையும் காத்திருக்கச் செய்வார்.

மொழியிலும் குறை இல்லாமல் இல்லை. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011-ல் நிறுவப்பட்ட 'சாகா-220' பொறியில், 400 சாதாரணச் செயலிகளோடு 400 வரைகலைச் செயலிகளும் இடம்பெற்றன. ஆனால் 2005-ன் மொழியில் வரைகலைச் செயலிக்கென உறுப்பு ஏதும் இல்லை. புதிய உறுப்பைச் சேர்த்துக்கொள்ள அம்மொழி இடந்தருகிறது. எனினும் அதனைப் பெறும் கிரிட்டும் அவ்வுறுப்பை அறிந்திருத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் மாணவரிடம் பின்வரும் பயிற்சியைத் தரலாம்: ஒரு நிரலுக்கு லினக்ஸ் முறையில் இயங்கும் நான்கு பொறிகளும், ஒவ்வொன்றிலும் 2 ஜிகாபைட்டுக்குக் குறையாத நினைவகமும் வேண்டும். எவ்வெவற்றைத் தனி அளவாகவும், எவ்வெவற்றை மொத்த அளவாகவும் எழுதவேண்டும்? பைட்டில் வரும் எண் யாது?