விளைத்தவர் கையில் தராசு

நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். தக்காளியை வைக்க முடியுமா? பறித்த மறுநாளே விற்றாக வேண்டும். அதனால் மண்டியில் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார் விவசாயி.

இந்தியாவில் 100 விவசாயிகளில் சுமார் 86 பேரிடம் 5 ஏக்கருக்கும் குறைவான நிலமே உள்ளது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பு இதைச் சொல்கிறது. இவர்களுக்கு ஒவ்வொரு ரூபாயும் முக்கியம்.

சந்தை பிறந்தது

பஞ்சாபில் 1987இல் 'அப்னி மண்டி' தொடங்கியது. 'நம்ம சந்தை' என்று பொருள். ஆந்திரப் பிரதேசத்தில் 1999 ஜனவரி 26 அன்று 'ரைத்து பஜார்' வந்தது. ரைத்து என்றால் உழவர். அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது.

ரைத்து பஜாரிலும் உழவர் சந்தையிலும் தரகர் இல்லை. விவசாயிக்கு அடையாள அட்டை உண்டு. அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைப்பார்கள். அது மொத்த விலையை விட அதிகம். கடை விலையை விடக் குறைவு.

கணக்கைப் பாருங்கள்

ஒரு விவசாயியிடம் 40 கிலோ தக்காளி இருக்கிறது.

மண்டியில் கிலோ 10 ரூபாய். வரவு 400 ரூபாய். கமிஷன் 40, வண்டி 40, கூலி 20 போனால் மிச்சம் 300 ரூபாய்.

உழவர் சந்தையில் கிலோ 14 ரூபாய். வரவு 560 ரூபாய். வண்டிக்கு 60 போனால் மிச்சம் 500 ரூபாய்.

கடையில் கிலோ 18 ரூபாய் என்றால், வாங்குபவருக்கும் கிலோவுக்கு 4 ரூபாய் லாபம்.

10 கிலோ விற்காமல் போனால்? அப்போதும் 360 ரூபாய் மிஞ்சும். ஆனால் விடியும் முன் கிளம்ப வேண்டும். பாதி நாள் வேலை போகும். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பக்கத்து வயல்காரர்களும் ஒரே வண்டியில் வந்தால் செலவு குறையும்.

ஏமாறாமல் இருக்க

வியாபாரிகள் விவசாயி போல உள்ளே வரலாம். அட்டையில் உள்ள படத்தையும் பெயரையும் பாருங்கள். எடைக்கல்லில் முத்திரை உண்டா என்று பாருங்கள். விலைப் பலகையை நீங்களே படியுங்கள்.

எழுத்தும் எண்ணும் தெரிந்தவரை ஏமாற்றுவது எளிதல்ல.

பயிற்சி

1. ரைத்து பஜார் எந்த ஆண்டு தொடங்கியது?
2. 25 கிலோ கத்தரிக்காய், கிலோ 16 ரூபாய். வண்டிச் செலவு 50 ரூபாய். மிச்சம் எவ்வளவு?
3. உங்கள் ஊரில் யார் யார் சேர்ந்து ஒரே வண்டியில் போகலாம்? பேசுங்கள்.