முதலில் பிறேக், கடைசியில் பெயின்ற்

யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றைத் திருத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்: "என்ன கலர் அடிக்கலாம் அண்ணை?" என் மாமனாரின் 1963ஆம் ஆண்டுப் பிக்கப்பை எங்கள் வளவுக் கொட்டிலுக்குள் வைத்துக் கழற்றிப் பூட்டிய காலத்தில் எனக்குக் கைகொடுத்த ஒழுங்கோ வேறு. சுன்னாகத்தில் முந்தி கராஜ் வைத்திருந்த முதிய மெக்கானிக் ஒருவர் சொன்னது அது: "முதல் நிப்பாட்டப் பண்ணும் தம்பி. பிறகு ஓட்டுவம். வடிவைக் கடைசியாப் பாப்பம்." பெயின்ற் மினுங்க, சில்லில்லாமல் கல்லின் மேல் நிற்கிற வண்டிகள் ஊரில் பல உண்டு. இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியதால் நின்றுபோனவை அவை. என் குறிப்புகளையும் அதே ஒழுங்கில் தருகிறேன்.

வாங்கும்போது

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ். 1948இல் லண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் கார் அறிமுகமானது. வானும் பிக்கப்பும் 1953இல் சேர்ந்தன. காருக்கும் பிக்கப்புக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. காரின் உடம்பும் தளமும் ஒரே கட்டு. பிக்கப்புக்குத் தனியான சேசிஸ் இருக்கிறது. அதன்மேல் சாரதி இருக்கும் கபினும் பின் பெட்டியும் போல்ற் போட்டுப் பூட்டப்பட்டிருக்கின்றன. வீட்டில் வேலை செய்பவருக்கு இது பெரிய வாய்ப்பு. போல்ற்றுகளைக் கழற்றினால் அயலவர் சிலருடன் கபினைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சேசிஸை முழுதாகச் சுரண்டிப் பார்க்கலாம்.

பிக்கப்பின் எஞ்சின் மூன்று அளவில் வந்தது: தொடக்கத்தில் 803 சீசீ, 1956இலிருந்து 948, 1962இலிருந்து 1098. கடைசியில் வந்ததற்குக் கியர்பெட்டியும் வலுவானது, முன் பிறேக் டிரமும் பெரியது. தெரிவு செய்ய வசதி இருந்தால் 1098ஐ எடுங்கள். ஆனால் புத்தகத்தில் இருக்கும் ஆண்டை மட்டும் நம்பிப் பாகங்களுக்குச் சொல்ல வேண்டாம். போர்க்காலத்தில் வடக்கின்மீது இருந்த பொருளாதாரத் தடையின்போது கிடைத்ததைப் பூட்டி ஓடிய வண்டிகள் இவை. ஒரே வண்டியில் மூன்று ஆண்டுகளின் சாமான்கள் இருப்பது இங்கே சாதாரணம். கழற்றிய பாகத்தைக் கையில் வைத்து அளந்த பிறகே அடுத்ததை வாங்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1995 இடப்பெயர்வில் வளவுகளிலேயே விட்டுப்போன வண்டிகளும், ஓட்டத்தில் தொலைந்த பத்திரங்களும் வடக்கில் ஏராளம். தகரத்தைத் திருத்தலாம், சேசிஸ் இலக்கம் இல்லாத வண்டியை எந்தப் பட்டறையாலும் திருத்த முடியாது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளின் விலையும் ஏறியது. ஆகவே இந்தச் சோதனையை அவசரத்தில் தவிர்க்கக்கூடாது.

கறள் எங்கே ஒளிந்திருக்கும்

கடற்காற்று அடிக்கிற ஊரில் கறள் கீழிருந்து மேலே ஏறும். பின் வில்லுகளைத் தாங்கும் இடம், கபினுக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டம், கதவுகளின் அடிப்பகுதி, கதவுப் பிணைச்சல் பூட்டியிருக்கும் தூண், கால் வைக்கும் தரை ஆகிய ஐந்தையும் முதலில் பாருங்கள். ஒரு மொட்டைத் திருப்புளியின் பிடியால் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். உக்கியது பொத்தென்று கேட்கும். துணியில் சுற்றிய காந்தத்தை உடம்பெங்கும் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதிலாகப் பூச்சுப் பசை இருக்கிறது.

உக்கிய தரையை வெட்டும் முன் இரண்டு கதவு வாசல்களுக்கும் குறுக்கே இரும்புக் குழாய் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை வெட்டி, ஒட்டி, கதவைப் பூட்டி இடைவெளி சரியா என்று பார்த்த பிறகே மறுபக்கம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டப்பட்ட கபின் தன் வடிவை மறந்துவிடும். பிறகு எந்தக் கதவும் சரியாகச் சாத்தாது. மெல்லிய தகரத்துக்கு வாயு வெல்டிங்கைவிட மிக் வெல்டிங் நல்லது. அதிலும் நீளமாக இழுக்காமல், ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு அங்கே என்று தள்ளித் தள்ளி வைத்தால் தகரம் நெளியாது. வெல்டிங்குக்கு முன் பற்றரியைக் கழற்றுங்கள், பெற்றோல் தாங்கியை வண்டியிலிருந்தே இறக்கிவிடுங்கள். வெறுமையான தாங்கிக்குள் இருக்கும் ஆவிதான் நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது.

காலையில் தேய்த்துச் சுத்தமாக்கிய தகரத்தில் நமது காற்றுக்கு அடுத்த நாளே மஞ்சள் படியும். அன்று தேய்த்ததற்கு அன்றே துத்தநாகப் பிறைமர் அடித்துவிடுங்கள். ஒரு நாளில் பூச முடிந்த அளவுக்கு மேல் தேய்க்க வேண்டாம்.

நிப்பாட்டுதல்

இந்த வண்டியின் பிறேக் எண்ணெய் ஒரே குழாய்த் தொடரில் நான்கு சில்லுக்கும் போவது. எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும், கையில் மிஞ்சுவது ஹான்ட்பிறேக் மட்டுமே. ஆகவே பழைய இறப்பர்க் குழாய்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இரும்புக் குழாய்களுக்குப் பதில் செம்பு-நிக்கல் கலந்த குழாய் போட்டால் உப்புக்காற்றில் கறள் பிடிக்காது. மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. எண்ணெய் விடும் மூடியை எட்டத் தரையில் ஒரு சிறிய தகட்டைக் கழற்ற வேண்டும். பல வண்டிகளில் அந்தத் தகடு விரிப்புக்குக் கீழே மறந்துபோய்க் கிடக்கும். கபின் மேலே இல்லாத நாட்களில் அந்தச் சிலிண்டரைக் கழற்றிப் புதிதாக்குவது அரை நாள் வேலை. பிறகென்றால் கீழே படுத்துப் போராட வேண்டும்.

பழைய பிறேக் ஷூவில் அஸ்பெஸ்ரோஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் நம் கராஜ்களில் பழகிப்போன வழக்கம். அதைச் செய்ய வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள்.

அடுத்தது முன் சில்லைத் தாங்கும் டிரனியன். மேலும் கீழுமாக மரை வெட்டிய இரண்டு துண்டுகளுக்குள் சில்லின் கால் திரும்புகிறது. கிறீஸ் போகாமல் மரை தேய்ந்தால் கால் கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடிந்து விழும். வண்டியை ஜக்கில் உயர்த்தி, ரயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள். கிறீஸ் அடிக்கும்போதும் சில்லு நிலத்தில் படாமல் தொங்க வேண்டும். அப்போதுதான் கிறீஸ் மரை முழுதும் போகும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை இதைச் செய்கிற வண்டிக்கு டிரனியன் நீண்டகாலம் வரும்.

ஓட்டுதல்

1990களில் பெற்றோல் இல்லாமல், காபறேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியது நமது தலைமுறைக்குத் தெரியும். அந்த எஞ்சின்கள் நம்மைக் காப்பாற்றியவை. அதற்கான விலையையும் அவையே கொடுத்தன. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாவதில்லை. சிலிண்டர்ச் சுவரில் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலோடு கலந்து, ஒயிலைத் தண்ணீராக்கி, பெயரிங்குகளைத் தேய்க்கும். மேலே வால்வுகளில் கரி படியும். எனவே வடக்கில் வாழ்ந்த ஒரு மைனர் எஞ்சினைச் சத்தத்தை மட்டும் கேட்டு நல்லதென்று சொல்லாதீர்கள். ஒயில் தொட்டியை இறக்கிப் பெயரிங்குகளைக் கண்ணால் பாருங்கள். நாலு சிலிண்டரிலும் கொம்பிறசன் பார்க்கும்போது, அளவு எவ்வளவு என்பதைவிட நாலும் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கின்றனவா என்பதைக் கவனியுங்கள்.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினால் வெளியேற்று வால்வுகளுக்குக் கடினமான இருக்கை வளையங்கள் போட்டுக்கொள்வது நல்லது. இப்போதைய பெற்றோலில் ஈயம் இல்லை. பழைய மென்மையான இருக்கைகளை அந்த ஈயமே தேயாமல் காத்தது. இறுகிப்போன எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுற்ற முயல வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, துவாரங்களில் மெல்லிய ஒயில் விட்டு, சில நாள் ஊறவைத்து, முன்னாலுள்ள கைச்சுற்றியால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். இந்த வண்டிக்குக் கைச்சுற்றி உண்டு என்பதே பெரிய உதவி.

கொப்பியில் எழுதி வைக்க வேண்டிய சில அளவுகள்: வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம், பொயின்ற் இடைவெளி 0.015; பிளக் இடைவெளி 0.025, எரியும் வரிசை 1-3-4-2, ஹெட் நட்டுகளின் இறுக்கம் 40 இறாத்தல்-அடி. ஒயில் 20டபிள்யூ-50 போதும். விலை கூடிய மெல்லிய செயற்கை ஒயில் இதற்கு வேண்டாம்.

நமது கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. கேத்தலில் படிகிற அதே வெள்ளை றேடியேற்றரிலும் எஞ்சினுக்குள்ளும் படியும். வெக்கை ஏறுகிறது என்று விசிறியை மாற்றுவதற்கு முன் உள்ளே கழுவுங்கள். பிறகு மழைத் தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ கூலன்ற்றோடு கலந்து விடுங்கள்.

எதை மாற்றலாம், எதை விடலாம்

வண்டியை நம் தேவைக்கு மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அளவுகோல் ஒன்றுதான்: நாளைக்கு இன்னொருவர் நினைத்தால் பழையபடி பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். சேசிஸில் புதுத் துளை போட வேண்டிய மாற்றம் என்றால் இரண்டு தரம் யோசியுங்கள்.

நான் முதலில் மாற்றியது மின்சாரம். மைனரில் பற்றரியின் நேர்முனை உடம்போடு பூட்டப்பட்டிருக்கும், இன்றைய வண்டிகளுக்கு மறுதலை. கைத்தொலைபேசி சார்ஜரின் உலோக வாய் உடம்பில் பட்டால் பொறி பறக்கும். டைனமோவுக்குப் பதிலாக ஒல்ற்றனேற்றர் போட்டு, எதிர்முனையை உடம்போடு பூட்டினால் இரவில் விளக்கும் மங்காது. அப்போது இக்னிசன் கொயிலின் இரண்டு வயர்களையும் மாற்றிப் பூட்ட மறக்கக்கூடாது. கழற்றிய டைனமோவைக் கிறீஸ் பூசி ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

ஆசனப் பட்டி, நான்கு மூலையிலும் மின்னும் எச்சரிக்கை விளக்கு, 155/80 ஆர்14 றேடியல் ரயர் ஆகிய மூன்றும் வண்டியின் முகத்தை மாற்றாமல் உயிரைக் காக்கிறவை. ரயர் வாங்கும்போது பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. புதுசென்று விற்கப்படுவது எத்தனை ஆண்டு கடையில் கிடந்ததென்று அது சொல்லும்.

பின் பெட்டிக்கு வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை போட்டேன். வெங்காயச் சாக்கும் வாழைக்குலையும் ஏற்றுகிற வண்டிக்கு அதைவிட உழைக்கிற மரம் இங்கே இல்லை. சிலாகைகளைத் தகரத்தோடு ஒட்ட வைக்காமல், கீழே இறப்பர்த் துண்டு வைத்து, ஒன்றுக்கொன்று விரல் நுழையும் இடைவெளி விட்டுப் பூட்டுங்கள். மண்ணும் ஈரமும் தங்காமல் வழிந்து போனால்தான் அடித்தகரம் தப்பும்.

யப்பான் டீசல் எஞ்சின் போடச் சொன்னவர்கள் பலர். 1098 எஞ்சின் தருவது 48 குதிரைவலு. பிறேக்கும் கியர்பெட்டியும் பின் அச்சும் அந்த அளவுக்குக் கணக்கிடப்பட்டவை. வலுவைக் கூட்டினால் மற்ற எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். எஞ்சினும் நிறமும் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்ற வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே அதைக் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

பாகங்களுக்கு அலைவது பற்றி ஒரு வார்த்தை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயருடன் இணைந்து, டியூறபிள் கார் கம்பனி இலங்கையிலேயே மைனர் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. இந்த வண்டியின் தகரத்தைக் கையால் அடிக்கத் தெரிந்தவர்கள் நம் நாட்டில் இருந்ததற்கு அது சாட்சி. மட்காட்டுக்கும் கதவுத் தோலுக்கும் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் முன் பழைய தகர வேலைக்காரரைத் தேடிப் பாருங்கள். பிறேக் சாமான்களையும் டிரனியனையும் மட்டும் மலிவில் வாங்க வேண்டாம்.

வடிவு

உடம்பைத் தேய்த்துச் சமன் செய்வதெல்லாம் வீட்டில் செய்யலாம். கடைசிப் பூச்சை மட்டும் பெயின்ற் அறை உள்ள பட்டறைக்குக் கொடுங்கள். கடினமாக்கும் திரவம் கலந்து அடிக்கும் இன்றைய பெயின்ற்றில் ஐசோசயனேற் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும். மூக்கில் கட்டும் துணியோ சாதாரண முகமூடியோ அதைத் தடுக்காது, வெளிக்காற்றைக் குழாயால் தரும் முகமூடிதான் வேண்டும். கிணறும் பிள்ளைகளும் இருக்கிற வளவில் அந்த வேலை வேண்டாம்.

வண்டி றோட்டுக்கு வந்த பிறகு முதல் ஐந்நூறு மைலுக்குள் ஹெட் நட்டுகளை மீண்டும் இறுக்கி, வால்வு இடைவெளி பார்த்து, ஒயிலை மாற்றுங்கள். சில்லு நட்டுகளை முதல் நாளே இரண்டாம் முறையும் இறுக்குங்கள். ஏ9 வீதியில் பின்னால் பஸ் ஒலி எழுப்பினால் ஒதுங்கி வழிவிடுங்கள். நாற்பது மைல் வேகத்தில் சுகமாகப் போகிற வண்டி இது, அதற்கு மேல் விரட்ட வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது சாமான் ஏற்றி ஓடுங்கள். சும்மா நிற்கிற மைனரில் பிறேக் சிலிண்டர் இறுகும், பெற்றோல் பசையாகும், தாங்கியின் மேற்பகுதி உள்ளிருந்து கறள் பிடிக்கும். திருத்தி மூடி வைக்கிற வண்டியைவிடச் சந்தைக்குப் போய் வருகிற வண்டிக்கே செலவு குறைவு.