சிறுமலைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை: வருமான வரம்பு எங்கே வரும், எங்கே வராது?

வாழையும் மிளகும் பலாவும் போட்டிருக்கும் சிறுமலை வீட்டுக்கு மாதச் சம்பளம் கிடையாது. காய் இறங்கும்போது காசு, மற்ற நாளில் கூலி. அதனால் "ஆண்டு வருமானம் எவ்வளவு?" என்ற கட்டத்தைப் பார்த்ததுமே தயங்கி, விண்ணப்பத்தை மூடி வைத்துவிடாதீர்கள். எல்லா உதவிக்கும் அந்தக் கேள்வி இல்லை.

முதலில் வருமானம் கேட்காதவை

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு; பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். வேறு உதவித்தொகை வாங்கினாலும் புதுமைப் பெண் கிடைக்கும். வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லையா? கலந்தாய்வு வழியே தொழிற்படிப்பில் சேர்ந்தால், முதல் தலைமுறை பட்டதாரி சலுகைக்கும் வருமான வரம்பு இல்லை. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டம் படிக்கும் பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளின் இலவசக் கல்வித் திட்டமும் அப்படியே.

பிறகு வரம்பு உள்ளவை

எஸ்.சி., எஸ்.டி. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வரம்பு 2.5 லட்சம். பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள் பாலிடெக்னிக், தொழிற்படிப்பு, முதுகலை படித்தால் அவர்களுக்கும் அதே வரம்புதான். மாதத்துக்கு வகுத்தால் ஏறத்தாழ 20,800 ரூபாய். அப்பா திண்டுக்கல் நூல்மில்லிலும் அம்மா தோட்டத்திலும் வேலை செய்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகைக்கு வரம்பு 4.5 லட்சம், பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆனால் அதோடு வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது.

வருமானச் சான்று

இங்கேதான் அதிகம் சிக்கும். இ-சேவை மையத்தில் பதிந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்து, தாலுகா அலுவலகம் சான்று தரும். வியாபாரி தந்த மொத்தப் பணமும் வீட்டில் மிஞ்சியதும் ஒன்றல்ல. உரம், ஆள்கூலி, மலையிலிருந்து காய் இறக்கிய வண்டிக்கூலி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, வி.ஏ.ஓ.விடம் காட்டிப் பேசுங்கள். குறைத்துச் சொல்ல வேண்டாம்; உள்ளதைச் சொல்ல ஆதாரம் இருந்தால் போதும். ரேஷன் கார்டில் அப்பா பெயருக்கு இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால் என்றிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித் திண்டுக்கல் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் ஒரே நாளில் பதிந்துவிடுவது நல்லது. ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வங்கிக் கணக்கு

பிள்ளையின் பெயரிலேயே கணக்கு, அதில் ஆதார் இணைப்பு. இது இல்லாவிட்டால் ஒப்புதல் ஆன பணமும் வந்து சேராது.

வரம்பைத் தாண்டிவிட்டால்

கல்விக்கடன் பக்கம் பாருங்கள். பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த கல்லூரிகளில் படிப்போருக்கு, குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தாலும் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே வங்கியில் கேளுங்கள்.