'கிவ் அப்' என்றால் மேலே கொடுப்பதா?

கேள்வி: 'கிவ்' தெரியும், 'அப்' தெரியும். 'கிவ் அப்' மட்டும் விளங்குவதில்லை. இத்தகைய 'ஃப்ரேசல் வெர்ப்'களை எப்படிப் படிப்பது?
– சாதாரண தர மாணவி, தேற்றாத்தீவு

பதில்: வினையோடு சிறு சொல் சேர்ந்தால் பொருளே மாறிவிடும். 'கிவ் அப்' கைவிடுவது; 'லுக் ஆஃப்டர்' பார்த்துக்கொள்வது; 'புட் ஓஃப்' தள்ளிப்போடுவது. தமிழிலும் 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறுதானே!

பட்டியலாக மனனம் செய்தால் நிற்காது. கண்ணெதிரே நடப்பதை வைத்து வாக்கியம் அமைக்க வேண்டும்.

மார்கழி மழையில் மட்டக்களப்பு மைதானங்களில் வெள்ளம் நிற்கும். 'தே புட் ஓஃப் த மெட்ச்' எனலாம். 'தே புட் த மெட்ச் ஓஃப்' என்றாலும் சரி. 'இட்' வந்தால் நடுவில்தான் வைக்க வேண்டும்: 'புட் இட் ஓஃப்'. 'லுக் ஆஃப்டர்' ஒருபோதும் பிரியாது: 'லுக் ஆஃப்டர் இட்'.

நாளுக்கு இரண்டு போதும், தங்கச்சி. எழுதியதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.