உணவிலும் நாவடக்கம்

நாவிற்குப் பணிகள் இரண்டு: ஒன்று பேசுதல், மற்றொன்று சுவைத்தல். பேச்சில் அடக்கம் வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். சுவையில் அடக்கம் வேண்டும் என்பதையோ பலரும் மறந்துவிடுகின்றனர். உடற்பருமனும், அதனைத் தொடர்ந்து நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பெருகிவரும் இந்நாளில் இஃது ஆராயத்தக்கதாகும்.

வள்ளுவர் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில், முன்னுண்டது செரித்தமை அறிந்து உண்பவனது உடலுக்கு மருந்தே வேண்டாவென்பார். திருமறையும் உண்ணவும் பருகவும் இசைவளித்து, வரம்பு மீறுதலை விலக்குகிறது. வயிற்றில் ஒரு பங்கை உணவிற்கும், ஒரு பங்கைப் பருகுநீருக்கும், ஒரு பங்கை மூச்சிற்கும் ஒதுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள்.

அளவை அறிந்தும் அதனைக் கடைப்பிடிக்க இயலாமை ஏன்? ரமளான் மாதமே இதற்கு விடை தரும். தனியறையில் இருப்பினும் பகல் முழுவதும் ஒரு மிடறு நீரும் அருந்தாத நோன்பாளி, மஃரிப் பாங்கு ஒலித்தபின் வடையையும் சமோசாவையும் அளவின்றி உண்பதைக் காண்கிறோம். மாத இறுதியில் எடை கூடிவிடுவதும் உண்டு. பகலில் இருந்த மனவலிமை மாலையில் எங்கே சென்றது? பகலுக்குத் தெளிவான வரையறை உண்டு. உண்ணலாமா என்னும் வினாவிற்கே அங்கு இடமில்லை. மாலைக்கோ நாம் வரையறை வகுத்துக்கொள்வதில்லை.

உளவியல் அறிஞர் வால்டர் மிஷல், சிறுவர்களைக் கொண்டு நடத்தி 1970இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினைக்கத்தக்கது. தின்பண்டம் கண்முன் இருந்தபோது சிறுவர்களால் நெடுநேரம் பொறுத்திருக்க இயலவில்லை. அது மறைக்கப்பட்டபோது பொறுத்தல் எளிதாயிற்று. ஆகவே, அடக்கம் என்பது ஆசையோடு மற்போர் புரிதலன்று. ஆசை எழுமுன்னரே அணை கட்டுதலாகும்.

இதற்குரிய பயிற்சிகள் எளியவை. பேரீத்தம்பழமும் நீரும் கொண்டு நோன்பு திறந்து, தொழுகையை முடித்தபின் உணவிற்கு அமரலாம். வேண்டிய அளவைத் தட்டில் இட்டுக்கொண்டு, பாத்திரத்தை அடுக்களைக்கே திருப்பி அனுப்பலாம். பொரித்த பண்டங்களை நாள்தோறும் வாங்காது, வாரத்தில் ஒரு நாளுக்கென வரையறுக்கலாம். விருந்தினரை வற்புறுத்தி மீண்டும் மீண்டும் பரிமாறும் வழக்கத்தையும் பெரியோர்கள் மாற்ற முன்வரவேண்டும்; போதும் என்பாரின் சொல்லை மதிப்பதும் விருந்தோம்பலேயாம். நீரிழிவு உடையோர் மருத்துவரைக் கேட்டே நோன்பு நோற்றல் வேண்டும்.

ஒரு வேளை தவறிவிட்டால் மனந்தளர வேண்டியதில்லை. அடுத்த வேளை நம் கையில் உள்ளது. முப்பது நாள் பகலில் கற்ற பாடத்தை எஞ்சிய பதினொரு மாதங்களுக்கும் கொண்டு செல்வோமாக!